சானிட்டைசர் போட்டுக்கொண்டு வந்து 42,000-க்கு நாமம் போட்டுவிட்டுப் போனார்கள்

42,000. தொகையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அப்போதாவது முழுசாகப் படிப்பீர்கள்.

2021-ல் கொரோனாக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியாயிற்று, இனி வேலையாட்கள் வீட்டுக்குள் வரலாம் என்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் பைப், டைல்ஸ், பெயிண்ட் என்று கிளம்பினோம். ஒன்றரை வருஷமாகத் தள்ளிப்போட்ட வேலை யார் வீட்டில்தான் இல்லை? ஆள் கிடைக்காத அந்த நேரத்தில் நம் அவசரத்தை மோப்பம் பிடித்துக்கொண்டு ஒரு கூட்டம் அலைந்தது. எங்களிடம் வந்தது, வீட்டு வேலைக்கு ஆள் அனுப்புகிற ஆப் ஒன்றின் மூலமாக. பெயரைப் போடவில்லை. புகார் கொடுக்கப் போகிறோம், அதுவரை வாயை மூடிக்கொண்டிரு என்று இவர் சொல்லிவிட்டார். பெயரைத்தானே போடக் கூடாது, நடந்ததைச் சொல்லலாமே. ஆள் கூப்பிடும் முன் என்னென்ன பார்க்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன்.

மாடியில் ஒரு குளியலறை. அதற்கு நேர் கீழே அத்தையின் அறை. முன்பெல்லாம் காலையில் ஆளுக்கு ஒரு தடவை குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவோம், பகல் முழுக்கத் தரை காய்ந்து கிடக்கும். 2020 மார்ச்சுக்கு அப்புறம் எல்லோரும் வீட்டோடு. வெளியே போய் வந்தால் குளியல், பால் பாக்கெட் வாங்கினால் கைகழுவல், காய்கறியைக்கூட அங்கேதான் அலசினோம். தரை காயவே இல்லை. டைல்ஸுக்கு நடுவே பூசியிருக்கும் சிமெண்ட் தண்ணீரைத் தடுத்து நிறுத்தாது, மெல்ல உறிஞ்சிக் கீழே விடும் என்பது இப்போது தெரிகிறது. அத்தையின் அறைக் கூரையில் முதலில் காசு அகலத்துக்கு ஒரு கறை வந்தது. அப்புறம் அது தட்டு அகலம் ஆனது. பெயிண்ட் உப்பி, உரிந்து, கட்டில் மேல் செதில் செதிலாக விழ ஆரம்பித்தது. ஓரத்தில் கறுப்பாகப் பூஞ்சை.

அத்தைக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. இருமினால் பக்கத்து வீட்டு ஜன்னல் சாத்திக்கொள்ளும் காலம் வேறு. கட்டிலைத் தூக்கி ஹாலில் போட்டோம். அதே ஹாலில்தான் இவருக்கு ஆபீஸ் மீட்டிங், பையனுக்கு ஆன்லைன் வகுப்பு. "நான் இருமினா உன் மேனேஜர் அங்கே மாஸ்க்கைத் தேடறார்டா" என்று அத்தை சிரிப்பார். சிரித்தாலும், தன் அறை போய்விட்ட சங்கடம் அவருக்கு. துணி மாற்றக்கூட நாங்கள் எல்லோரும் எழுந்து போக வேண்டியிருந்தது. இந்த நிலையில் என் தங்கை, பிறந்ததிலிருந்து நாங்கள் யாரும் தூக்கிப் பார்க்காத குழந்தையோடு வரப்போகிறேன் என்றாள். அதற்குள் அந்த அறையைச் சரிசெய்துவிட வேண்டும் என்றுதான் ஆப்பில் பதிவு செய்தோம்.

வந்தவன் வந்த விதத்தைச் சொல்ல வேண்டும். இரண்டு மாஸ்க், ஒன்றின் மேல் ஒன்று. கையுறை. வாசலிலேயே நின்று காலுக்கு நீல உறை மாட்டிக்கொண்டான். ஆப்பின் பெயர் போட்ட சட்டை, கழுத்தில் அட்டை. நாங்கள் கேட்கும் முன்பே தன் நெற்றியில் தெர்மாமீட்டரை வைத்து எங்களுக்குத் திருப்பிக் காட்டினான். போனை எடுத்துத் தடுப்பூசிச் சான்றிதழைக் காட்டினான். அழைப்பு மணியைத் தொட்டுவிட்டேன் என்று அதன் மேல் சானிட்டைசர் அடித்துத் துடைத்தான், கதவுப் பிடியையும் துடைத்தான். ஹாலில் அத்தையைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய், "பெரியவங்க இருக்காங்க மேடம், அவங்களை அந்த ரூமுக்குக் கூட்டிட்டுப் போயிடுங்க, நான் அப்புறம் உள்ளே வர்றேன். எங்க அம்மாவையும் இப்படித்தான் பாத்துக்கறேன்" என்றான். தண்ணீர் கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டான், மாஸ்க்கைக் கழற்ற வேண்டியிருக்குமாம்.

ஒன்றரை வருஷம் பயந்துபோய்க் கிடந்த வீட்டில் இதைவிட வேறென்ன வேண்டும்? அத்தையே உள்ளேயிருந்து "நல்ல பிள்ளை" என்றார். அவனுக்கு வேலை தெரியுமா என்று கேட்க யாருக்கும் தோன்றாதபடி அத்தனையையும் செய்து முடித்துவிட்டான். (தொட்ட பொருள் மூலமாகத் தொற்றும் வாய்ப்பு 10,000-ல் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021 ஏப்ரலிலேயே சொல்லிவிட்டது. மணியைத் துடைத்தவன், மாடிக்குப் போய் விலை பேச ஆரம்பித்ததும் இரண்டு மாஸ்க்கையும் தாடைக்கு இறக்கிக்கொண்டான். இது இப்போதுதான் உறைக்கிறது.)

சோதனை என்று அவன் செய்தது இவ்வளவுதான்: கூரைக் கறையின் மேல் போன் வெளிச்சத்தை அடித்தான், சுவரை விரலால் தட்டினான், "பிரஷர் லைன் லீக், தரை மொத்தமும் எடுத்தாகணும்" என்றான், அதாவது குழாய்க்குத் தண்ணீர் வரும் பைப்பிலேயே கசிவாம். கூலியை வேலை முடிந்த பிறகு கொடுத்தால் போதும், சாமானுக்கு மட்டும் முன்பணம், 42,000. அதையும் ஆப்பில் கட்ட வேண்டாம். ஆப்பில் கட்டினால் வரிசைப்படிதான் சாமான் வரும், ஊரெல்லாம் ரிப்பேர் நடக்கிறது, ஸ்டாக் போய்விடும், சப்ளையர் கணக்குக்கு நேராகப் போட்டால் மறுநாளே இறக்கிவிடலாம் என்றான். ரசீது? "சாமானோட வரும் மேடம்." கூலியைக் கடைசியில் கேட்கிறவனைச் சந்தேகப்படவும் மனசு வரவில்லை. இவர் போனை எடுத்து அங்கேயே அனுப்பிவிட்டார். 42,000 போய்ச் சேர்ந்த சத்தம் அவன் போனில் கேட்டது. கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

மறுநாள் இரண்டு பையன்கள் வந்தார்கள். சொன்னபடி ஆள் வந்ததில் எங்களுக்கு இன்னும் நம்பிக்கை. வந்த வேகத்தில் தரையை உடைத்தார்கள். நடுவில் மேல் டைல்ஸை மட்டும் பெயர்த்து, சுவரோரம் ஒரு சாண் உயரத்துக்கு டைல்ஸைத் தட்டி, இடிபாட்டைச் சாக்கில் கட்டி மாடிப்படியில் வரிசையாக வைத்தார்கள். மூலையில் ஒரு மூட்டை வெள்ளை சிமெண்ட், பாதி காலியான ஒரு டப்பா. சாயங்காலம் "நாளைக்கு வர்றோம்கா" என்றார்கள். அதுதான் கடைசி.

அப்புறம் ஆரம்பித்தது சாக்கு.

முதல் சாக்கு, பையனில் ஒருவனுக்குக் காய்ச்சல், டெஸ்ட் கொடுத்திருக்கிறோம். இதற்கு என்ன பதில் சொல்வது? வர வேண்டாம், உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று நானே சொன்னேன். அவன் தொட்ட இடத்தையெல்லாம் துடைத்துவிட்டு, அத்தைக்கு ஆக்சிமீட்டர் வைத்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். எங்களையும் பயத்தில் விட்டான். 14 நாள் தனிமை என்றார்கள். அது முடிந்ததும் அடுத்த பையனுக்குக் காய்ச்சல். அவனுக்கும் 14 நாள். அப்புறம் சூப்பர்வைசர் வீட்டில் யாருக்கோ. மனுஷன் உடம்பு சரியில்லை என்கிறபோது பொய்தானே என்று கேட்க நாக்கு வருமா? வராது என்று தெரிந்துதான் அந்தச் சாக்கையே எடுக்கிறார்கள்.

காய்ச்சல் தீர்ந்ததும் கப்பல். தண்ணீர் கீழே இறங்காமல் தரையில் பூசும் கெமிக்கல் வெளிநாட்டுச் சரக்காம், சூயஸ் கால்வாயில் கப்பல் மாட்டிக்கொண்டதால் கண்டெய்னர் கிடைக்கவில்லையாம். அந்தக் கப்பல் 2021 மார்ச் 23-ல் மாட்டியது, 29-ல் மீட்டுவிட்டார்கள், செய்தியில் எல்லோரும்தான் பார்த்தோம். கண்டெய்னர் தட்டுப்பாடு உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் குளியலறைக்கு வேண்டிய பூச்சு எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கிற சாதாரணச் சாமான் என்று பின்னால் வந்த கொத்தனார் சிரித்துக்கொண்டே சொன்னார். சரி, சாமான் வரவில்லை என்றால் 42,000-ஐத் திருப்பிக் கொடு என்று இவர் கேட்டார். அன்றிலிருந்து போன் எடுப்பதில்லை.

ஆப்பின் கதை இன்னும் மோசம். சாட்டில் எழுதினால், "உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்" என்று ஒரு இயந்திரம் வருந்துகிறது. கொஞ்ச நேரத்தில் "உங்கள் கோரிக்கை தீர்க்கப்பட்டது" என்று மூடிவிடுகிறார்கள். என்ன தீர்த்தார்கள்? எப்படியோ ஒரு பெண் லைனில் வந்தாள். அவர்கள் கணக்குப்படி நாங்கள் கட்டியது பார்வையிடும் கட்டணம் மட்டும், பார்வையிட்டாயிற்று, வேலை முடிந்தது. ஆப்புக்கு வெளியே கொடுத்த பணத்துக்கு அவர்கள் பொறுப்பில்லை. அந்த ஆள் இப்போது அவர்களிடம் இல்லை. உங்கள் சட்டை போட்டு, உங்கள் அட்டை மாட்டி, நீங்கள் அனுப்பித்தானே வந்தான் என்று கேட்டேன். "உங்கள் கருத்தைப் பதிவு செய்துகொள்கிறேன் மேடம்" என்றாள். அன்று சாயங்காலம் ஆறுதலுக்கு ஒரு கூப்பன் அனுப்பியிருந்தார்கள், சோபா கிளீனிங்குக்குத் தள்ளுபடி. 42,000-க்குப் பதில் சோபா கிளீனிங்!

வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். கீழே இருக்கும் ஒற்றைக் குளியலறையில் மொத்தக் குடும்பமும். காலையில் அத்தையைக் காக்க வைக்க முடியாது, பையனுக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கும் நேரம், இவருக்கு மீட்டிங். கதவைத் தட்டித் தட்டியே தினமும் சண்டை. மாடிப்படியில் இடிபாட்டுச் சாக்கு, ஒரு சாக்கு கிழிந்து மண் கொட்டி, யார் ஏறினாலும் ஹால் முழுக்கக் கால்தடம். தங்கை வந்தாள். தவழும் குழந்தையைத் தரையில் விட முடியவில்லை, மடியிலேயே வைத்திருந்து, நினைத்ததைவிடச் சீக்கிரமே கிளம்பிவிட்டாள். அதற்கு யாரிடம் புகார் கொடுப்பது?

இப்போது தெரிந்தவர்கள் சொல்லி ஒரு கொத்தனார் வந்திருக்கிறார். கையுறையும் இல்லை, தெர்மாமீட்டரும் இல்லை, கசங்கிய ஒரு துணி மாஸ்க், அவ்வளவுதான். அந்த மனுஷன் முதலில் செய்தது, வீட்டில் ஒரு குழாயையும் திறக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் மீட்டருக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தது. முள் அசையவில்லை. "பிரஷர் லைன்ல லீக் இருந்தா இது சுத்திக்கிட்டே இருக்கும்மா. உங்க பைப் நல்லா இருக்கு" என்றார். அப்புறம் தண்ணீர் வடியும் துவாரத்தைச் சுற்றி மட்டும் ஊற்றச் சொல்லி, கீழே போய் அத்தையின் அறையில் கழுத்து வலிக்க நிமிர்ந்து நின்றார். கறையின் நடுவில் ஒரு சொட்டு திரண்டு வந்தது. அந்தத் துவாரத்தைச் சுற்றியிருந்த பூச்சு விட்டுப்போயிருக்கிறது. "அது மட்டும் எடுத்துக் கட்டியிருந்தாப் போதும், தரையை எதுக்கு உடைச்சான்?" என்று என்னையே கேட்கிறார்.

உடைத்தாயிற்று, இனி முழுசாகத்தான் செய்ய வேண்டும். தரையைச் சுத்தமாகக் கழுவி, துவாரத்தைப் பார்த்துச் சரிவு கொடுத்து, மூலைகளை உருட்டிப் பூசி, பூச்சை இரண்டு கோட் அடிக்க வேண்டுமாம். முதல் கோட் காய்ந்த பிறகுதான் இரண்டாவது, அதுவும் குறுக்காக. தரையோடு நிறுத்தாமல் சுவரிலும் ஏற்ற வேண்டும். பூச்சு நன்றாக இறுகிய பிறகு துவாரத்தை அடைத்துத் தண்ணீர் கட்டி, குறைந்தது 24 மணி நேரம் வைத்து, கீழே ஈரம் இல்லை என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ். அந்த வெள்ளை சிமெண்ட் மூட்டையை இதில் எதற்கும் பயன்படுத்த முடியாது என்று ஓரமாகத் தள்ளிவிட்டார். 42,000 கொடுத்து எங்களுக்கு மிஞ்சியது அது ஒன்றுதான்.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். கொத்தனார் மணல் சலிக்க இடம் கேட்கிறார், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆப் மூலம் ஆள் வந்தால் பணத்தையும் ஆப்பிலேயே கட்டுங்கள், சப்ளையர் கணக்கு என்றாலே வாசலைக் காட்டிவிடுங்கள். சாமானை நீங்களே கடையில் வாங்குங்கள், ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். மீட்டரைப் பார்க்காமல் பைப் லீக் என்று சொல்பவனைத் தரையில் கைவைக்க விடாதீர்கள். உடைக்கும் முன் போட்டோ எடுத்து வையுங்கள், நாங்கள் எடுத்தது உடைத்த பிறகுதான். பணம் போன விவரம், சாட், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். ஆப்பில் அவர்கள் மூடும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள், மூடிய பிறகு பழைய உரையாடல் காணாமல் போகிறது.

காய்ச்சல், 14 நாள், அப்புறம் கப்பல் என்று இதே வரிசையில் உங்களுக்கும் யாராவது சொல்லியிருந்தால் எனக்குத் தனியாக மெசேஜ் போடுங்கள். பணம் அனுப்பிய கணக்கின் கடைசி நான்கு எண் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். ஒத்துப்போனால் புகாரைச் சேர்ந்தே கொடுத்துவிடலாம். எங்கள் 42,000-க்கான தாள்களை எல்லாம் இவர் நேற்றே பிரிண்ட் எடுத்து வைத்துவிட்டார்.