தரை மூடும் செடி போட ஆள் வைக்கிறீர்களா? பணம் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

வீட்டு முற்றத்தில் 20 சதுர மீட்டருக்குத் தரை மூடும் செடி போட்டுத் தருவதாகப் பேச்சு. ஒரே நாளில் வேலை முடிந்தது, முழுப் பணமும் கைமாறியது. இரண்டு மாதம் கழித்து அங்கே இருந்தது காய்ந்த குச்சிகளும் தழைத்த கோரையும்தான். கேட்டால், "தண்ணீர் சரியா விடலைங்க" என்கிறார் ஒப்பந்தக்காரர். தண்ணீரில் குறையே இல்லை. தோண்டிப் பார்த்தபோதுதான் வேலையின் லட்சணம் தெரிந்தது.

கோரையை மண்வெட்டியால் மேலாகச் செதுக்கிவிட்டு, இரண்டு அங்குலம் செம்மண் பரப்பியிருக்கிறார்கள். கோரைக்கு உயிர் கிழங்கில். பெரும்பாலான கிழங்குகள் மேல்மண்ணில் 15 செ.மீ. ஆழத்துக்குள் சரமாகக் கோத்துக் கிடக்கும்; சரம் அறுந்தால் தனித்தனியாக முளைக்கும். முறையாகச் செய்பவர் ஒரு சாண் ஆழம் கொத்திக் கிழங்கைப் பொறுக்குவார். பிறகு தண்ணீர் விட்டு இரண்டு மூன்று வாரம் விட்டுவைத்து, மிச்சம் முளைப்பதையும் கிழங்கோடு எடுப்பார். இதை இரண்டு முறையாவது செய்யாமல் நடக்கூடாது. ஆகவே, கோரை உள்ள இடத்தில் ஒரே நாளில் முடித்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அப்போதே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

செடிக் கணக்கிலும் ஏமாற்று. 30 செ.மீ. இடைவெளி என்றால் சதுர மீட்டருக்கு 11 செடி, 20 சதுர மீட்டருக்கு 220. நட்டது 45 செ.மீ. இடைவெளியில், அதாவது சதுர மீட்டருக்கு 5 வீதம் 100 செடி. நட்ட அன்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. நடுவில் வெயில் படும் மண் முழுக்கக் களைக்குத்தான் போகும். வந்து இறங்கும்போதே செடிப் பைகளை எண்ணுங்கள்.

எண்ணும்போதே நாலைந்து பைகளைக் கிழித்தும் பாருங்கள். வேர் பிடித்த செடி என்றால் மண் உதிராமல் கட்டியாக வரும், ஓரத்தில் வெள்ளை வேர்நுனி தெரியும். இங்கே வந்தவை பையில் அப்போதுதான் செருகிய வெறும் தண்டுகள். இழுத்தால் கையோடு வந்துவிடும். நிழலில் ஒரு வாரம் பச்சையாக நிற்கும், வெயிலில் நட்டதும் தொங்கிவிடும்.

இதெல்லாம் போதாதென்று களை வராது என்று சொல்லி அடியில் கறுப்பு விரிப்பு வேறு. தரை மூடும் செடிகளில் பல, கணுவுக்குக் கணு வேர்விட்டுத்தான் பரவும். விரிப்பின் மேல் அந்தக் கணு எங்கே வேர்விடும்? கோரையின் முளையோ விரிப்பையே குத்திக்கொண்டு மேலே வருகிறது. விரிப்புக்குப் பதில் செடிகளுக்கு இடையே 5 செ.மீ. கனத்துக்குக் காய்ந்த இலை மூடாக்குப் போட்டால் போதும். தண்டை ஒட்டி மட்டும் குவிக்காதீர்கள், அழுகிவிடும்.

வேலைக்கு முன்பே செடியின் பெயர், எண்ணிக்கை, இடைவெளி, கிழங்கு எடுக்கும் முறை எல்லாவற்றையும் எழுதி வாங்குங்கள். மூன்றில் ஒரு பங்குப் பணத்தை, நட்டு எட்டு வாரம் கழித்து செடி பிடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகே கொடுங்கள்.