துப்பாக்கி வாங்க எங்கே போவது: இணையமா, பெருங்கடையா, ஊர்க்கடையா?

அமெரிக்காவில் இணையத்தில் துப்பாக்கிக்குப் பணம் கட்டலாம். ஆனால், பழங்காலத் துப்பாக்கி போன்ற சில விதிவிலக்குகள் தவிர, அது வீட்டு வாசலுக்கு வராது. மத்திய அரசின் லைசென்ஸ் பெற்ற ஒரு டீலரிடம்தான் போய் இறங்கும். நாம் அங்கே போய், அடையாள அட்டையைக் காட்டி, 4473 என்ற படிவத்தை நிரப்பி, பின்னணிச் சோதனையில் தேறிய பிறகுதான் பெட்டி கைக்கு வரும். அந்த டீலர் பெரும்பாலும் ஊரில் இருக்கும் சின்னக் கடைக்காரர். அதனால் இணையம் வந்ததும் இந்தக் கடைகள் ஒரேயடியாகப் படுத்துவிடவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக இளைக்கின்றன. வியாபாரம் வேறு எங்கோ நடக்கிறது, இவர்களுக்குக் கைமாற்றிக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கூலி மட்டும் மிஞ்சுகிறது.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கொலை இருக்கிறது. 1963இல் லீ ஹார்வி ஆஸ்வால்ட் ஒரு பத்திரிகை விளம்பரத்தின் கூப்பனை நிரப்பி, பொய்ப் பெயரில், சிகாகோவில் இருந்த க்ளைன்ஸ் கடைக்கு அனுப்பினார். ஸ்கோப் பொருத்திய ரைபிள் 19.95 டாலர், அனுப்பும் செலவு 1.50 டாலர். டல்லாஸில் இருந்த தபால் பெட்டிக்கு அது வந்து சேர்ந்தது. கென்னடி சுடப்பட்டது அந்த ரைபிளால்தான். 1968இல் வந்த துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டம், மாநிலம் விட்டு மாநிலம் இப்படித் தபாலில் வாங்குவதை நிறுத்தியது. வாங்குகிறவரை ஒரு மனிதர் நேரில் பார்த்தாக வேண்டும் என்பதுதான் அதன் சாரம். கீழே நான் சொல்வதெல்லாம் அந்த ‘ஒரு மனிதர்’ யாராக இருக்கலாம் என்பதைச் சுற்றியே.

நான் இருப்பது பென்சில்வேனியாவில். மான் வேட்டைப் பருவம் இங்கே ஊர்த் திருவிழா மாதிரி. கிரீன் கார்டு வந்ததும் அலுவலக நண்பர்களோடு சுடும் களத்துக்குப் போய்ப் பழகி, பிறகு சொந்தமாக ஒன்று வாங்க நினைக்கும் நம்மவர்கள் சிலர் என்னிடம் கேட்பார்கள். எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி விலை.

விலைக் கணக்கு

திரையில் தெரியும் விலையைக் கடை விலையோடு ஒப்பிடுவது சரியான ஒப்பீடு ஆகாது. கணக்குக்காக ஒரு கைத்துப்பாக்கி இணையத்தில் 499 டாலர், ஊர்க்கடையில் 539 டாலர் என்று வைத்துக்கொள்வோம். இணையத்தில் அனுப்பும் செலவு 15, அதன்மேல் மாநில விற்பனை வரி 6 சதவீதம், ஊர் டீலருக்கு டிரான்ஸ்ஃபர் கூலி 35. எல்லாம் சேர்த்தால் 580 டாலர் அளவுக்கு வந்துவிடும். ஊர்க்கடையில் வரியோடு 571. நாற்பது டாலர் மிச்சம் என்று நினைத்தவர் ஒன்பது டாலர் கூடுதலாகக் கொடுத்து, ஒரு வாரமும் காத்திருக்கிறார். 2018 வரை வெளிமாநிலத் தளங்கள் பல வரி வாங்காமல் விற்றன. அந்த ஆண்டு வேஃபேர் வழக்கில் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு அந்த லாபமும் போய்விட்டது.

வித்தியாசம் நூறு டாலராக இருந்தால் கதை வேறு. அதே துப்பாக்கி தளத்தில் 439 என்றால் எல்லாம் சேர்த்து 516தான் வரும். அங்கே இணையம் சந்தேகமில்லாமல் ஜெயிக்கிறது, ஐம்பத்தைந்து டாலரை யாரும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. உற்பத்தி நின்றுபோன மாடல், இடது கைக்காரருக்கான ரைபிள், பழைய ரகத்துக்கு உதிரி பாகம் என்றாலும் இணையம்தான். 1999இல் தொடங்கிய கன்புரோக்கர் ஏலத் தளத்தில் கிடைக்கிற வகைகளை எந்த ஊர்க்கடை அலமாரியும் தாங்காது.

டிரான்ஸ்ஃபர் கூலி என்றதும் ‘சும்மா பெட்டியைக் கொடுப்பதற்கு முப்பத்தைந்து டாலரா’ என்று பலர் கொதிக்கிறார்கள். எனக்கு அந்தக் கோபம் நியாயமாகப் படவில்லை. வந்த பெட்டியைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும், சோதனைக்கு அனுப்ப வேண்டும், முடிவு வரும்வரை பாதுகாப்பாக வைத்திருக்க வேண்டும். 4473 படிவங்களை முன்பு இருபது ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். 2022 முதல் கடையை மூடும் நாள்வரை வைத்திருக்க வேண்டும். என்றோ ஒருநாள் அந்தத் துப்பாக்கி ஒரு குற்றத்தில் சிக்கி, துப்பாக்கி வியாபாரத்தைக் கண்காணிக்கும் மத்திய அமைப்பான ஏடிஎஃப் வரிசை எண்ணைச் சொல்லிக் கேட்டால் இருபத்து நான்கு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டியவர், தான் விற்காத அந்தப் பெட்டிக்குக் கையெழுத்துப் போட்ட இந்த மனிதர்தான்.

கையில் எடுத்துப் பார்ப்பது

முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்கு ஊர்க்கடைக்கு ஈடு எதுவும் இல்லை என்பது என் தீர்மானமான கருத்து. வானில் வீசப்படும் களிமண் தட்டுகளைச் சுடப் பழகிக்கொண்டிருந்த ஒரு தோழியோடு எங்கள் பக்கத்துக் கடைக்குப் போயிருந்தேன். இணையத்தில் படித்துப் படித்து, 12 கேஜ் ஷாட்கன் ஒன்றை முடிவு செய்து வைத்திருந்தார் (கேஜ் என்பது குழல் அளவு, எண் கூடினால் குழல் சிறியது). கவுண்டருக்குப் பின்னால் இருந்த பெரியவர் அந்தத் துப்பாக்கியை உடனே எடுத்துத் தரவில்லை. “ரெண்டு கையையும் நீட்டி, விரல்களுக்கு நடுவுல சின்ன முக்கோணம் மாதிரி ஓட்டை விட்டு, அதுக்குள்ள அந்தச் சுவர்க் கடிகாரத்தைப் பாருங்கம்மா” என்கிற மாதிரி ஆங்கிலத்தில் சொன்னார். பிறகு ஒரு கண்ணை மூடச் சொன்னார், அடுத்து மற்றதை. இடது கண்ணை மூடியதும் கடிகாரம் ஓட்டையிலிருந்து நழுவியது. வலது கைக்காரரான அவருக்கு ஆளும் கண் இடது கண். அத்தனை நாள் தட்டுகள் ஏன் தப்பிக்கொண்டிருந்தன என்பது அந்த நிமிடம் தெரிந்தது.

அதன் பிறகுதான் அந்த 12 கேஜ் வெளியே வந்தது. முழங்கையை மடக்கச் சொல்லி, பின்கட்டையின் அடியை அந்த மடிப்பில் வைத்து, விரல் விசைக்கு எட்டுகிறதா என்று பார்த்தார். எட்டவில்லை. எடை குறைந்த 20 கேஜ் ஒன்றை, அதுவும் பழையதை, எடுத்துக் கொடுத்தார். கட்டையைத் தேவையான அளவுக்கு வெட்டிச் சீர்செய்து தருவதாகவும் சொன்னார். தோழி முடிவு செய்து வைத்திருந்ததைவிட நல்ல குறைந்த விலை. இடது தோளில் வைத்துச் சுடக் கற்றுக்கொள்ளுங்கள், அதுவரை எதுவும் வாங்காவிட்டாலும் பரவாயில்லை என்றும் சொல்லி அனுப்பினார்.

எந்தத் தளத்திலும் இதற்கு ஒரு பொத்தான் கிடையாது. இப்படிப்பட்ட கடைகளைத் தாங்கிப் பிடிப்பதும் புதுத் துப்பாக்கி விற்பனை இல்லை, அதில் லாபம் மெலிசு. பழைய துப்பாக்கி, பட்டறை வேலை, துணைப் பொருட்கள் இவற்றில்தான் கடை ஓடுகிறது. ஸ்கோப் பொருத்த, விசையைச் சரிபார்க்க, தாத்தா விட்டுப்போன ரைபிளை மதிப்பிட என்று ஊர்க்காரர்கள் வந்துபோகும் வரை கதவு திறந்திருக்கும்.

பெருங்கடைகள்

எங்கள் மாநிலத்தில் ஹாம்பர்க் ஊரில் நெடுஞ்சாலை ஓரத்தில், வேட்டைச் சாமான்கள் விற்கும் கபேலாஸ் கடை இருக்கிறது. 2003இல் திறந்தது, இரண்டரை லட்சம் சதுர அடி. குடும்பத்தோடு போய்ப் பதப்படுத்திய விலங்குகளைப் பார்த்து, சாப்பிட்டுவிட்டு வரலாம். விலை பரவாயில்லை, கூச்சப்படாமல் சுற்றிப் பார்க்கலாம். கவுண்டரில் கிடைக்கும் ஆலோசனை அன்றைக்கு யார் நிற்கிறார் என்பதைப் பொறுத்தது.

பெருங்கடைகளிடம் எனக்குள்ள பெரிய தயக்கம் வேறு. முடிவு எங்கோ தலைமையகத்தில் எடுக்கப்படுகிறது. வால்மார்ட் 1993இல் அலாஸ்கா தவிர மற்ற மாநிலங்களில் கைத்துப்பாக்கி விற்பனையை நிறுத்தியது, 2015இல் ஏஆர் வகை ரைபிள்களை நிறுத்தியது, 2019இல் எல் பாசோ கடையில் நடந்த படுகொலைக்குப் பிறகு கைத்துப்பாக்கித் தோட்டாக்களையும் விட்டது. அந்த முடிவுகளை நான் குறை சொல்லவில்லை, அவற்றுக்குக் காரணம் இருந்தது. ஆனால் பக்கத்திலிருந்த சின்னக் கடைகளை விலையில் அடித்துவிட்டு, பிறகு அந்தப் பிரிவையே மூடிவிட்டுப் போனால், வேட்டையை நம்பியிருக்கும் ஊர்களில் மிச்சம் இருப்பது யார்?

விற்க மறுக்கும் உரிமை

இந்த அலசலில் விலையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். பின்னணிச் சோதனை ஒருவருடைய பழைய பதிவுகளை மட்டுமே பார்க்கும். இன்றைக்கு அவர் எந்த மனநிலையில் வந்து நிற்கிறார் என்பது அதற்குத் தெரியாது. சோதனையில் தேறினாலும் விற்க மறுக்க டீலருக்குச் சட்டம் இடம் கொடுக்கிறது.

2009இல் நியூ ஹாம்ப்ஷயரில், ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத மூன்று பேர், ஒரு வாரத்துக்குள், ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, வாங்கிய சில மணி நேரத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மூன்று பேருமே சோதனையில் தேறியவர்கள். அந்தச் செய்தி கடைக்காரரை உலுக்கிவிட்டது. அவரும், பொதுச் சுகாதாரத் துறையைச் சேர்ந்தவர்களும், துப்பாக்கி உரிமைக்காரர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசியதில் பிறந்ததுதான் ‘கன் ஷாப் புராஜெக்ட்’. துப்பாக்கியைப் பற்றி எதுவும் தெரியாமல், எது வேண்டும் என்றும் கேட்காமல், அவசரமாக ஒன்றை வாங்கத் துடிப்பவரிடம் என்ன கேட்க வேண்டும், எப்படித் தள்ளிப்போட வேண்டும் என்று கடைக்காரர்களுக்குச் சொல்லும் குறிப்புகளைத் தயாரித்தார்கள். அந்த யோசனை பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது. அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கு மேல் தற்கொலைகள் என்பதை நினைத்தால், அந்தக் கவுண்டரில் நடக்கும் இரண்டு நிமிடப் பேச்சின் எடை புரியும். சில கடைகள், வீட்டில் ஒருவர் மனமுடைந்திருக்கும் காலத்தில் அந்த வீட்டுத் துப்பாக்கிகளைத் தற்காலிகமாகத் தங்கள் பாதுகாப்பில் வைத்துக்கொள்ளவும் செய்கின்றன. கொலராடோவில் அப்படிப்பட்ட கடைகளைக் காட்டும் வரைபடமே இருக்கிறது.

வேறொருவருக்காகப் பினாமியாக வாங்குவதைப் பிடிப்பதும் இதே கண்தான். காதலி படிவம் நிரப்ப, பக்கத்தில் நிற்கும் காதலன் மாடலைத் தேர்ந்தெடுத்தால் அனுபவமுள்ள கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். 2022 சட்டத்தின்படி அந்தக் குற்றத்துக்குப் பதினைந்து ஆண்டுவரை சிறை.

டிரான்ஸ்ஃபர் கூலியில் மட்டும் காலம் தள்ளும் கடையில் இந்தக் கண் எத்தனை நாள் திறந்திருக்கும்? ஏற்கெனவே விற்றுமுடிந்த ஒரு பெட்டியைக் கொடுக்கும் இடத்தில் ‘இன்று வேண்டாம்’ என்று சொல்வது கஷ்டம். அதனால்தான் ஊர்க்கடைக்கு விற்பனையும் போக வேண்டும் என்கிறேன்.

சின்னக் கடை என்பதற்காகவே நல்ல கடை ஆகிவிடாது. ஏடிஎஃப் 2000இல் வெளியிட்ட அறிக்கையில், குற்றங்களில் சிக்கித் தடம் தேடப்பட்ட துப்பாக்கிகளில் 57 சதவீதம், டீலர்களில் வெறும் 1.2 சதவீதத்தினரிடம் போய் முடிந்தன. பெரும்பாலான டீலர்கள் சுத்தமானவர்கள் என்பதும், ஒரு சிலர் அப்படி இல்லை என்பதும் அதிலேயே இருக்கிறது. மரியாதையிலும் கடைக்குக் கடை வித்தியாசம் உண்டு. ஒரு கடையில், என் மனைவி கேட்ட கேள்விக்கு என் முகத்தைப் பார்த்தே பதில் சொன்னார்கள். தோல் நிறத்தைப் பார்த்ததும் பேச்சு சுருங்கிய இடமும் உண்டு. அப்படிப்பட்ட கடைக்கு என் காசு போகாது, அது எத்தனை தலைமுறைக் கடையாக இருந்தாலும் சரி.

நம்மவர்கள் கவனிக்க

எச்1பி, எச்4 போன்ற விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கப் பொதுவாகச் சட்டம் அனுமதிப்பதில்லை. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. கிரீன் கார்டு உள்ளவர் வாங்கலாம். இணையதளம் இதையெல்லாம் கேட்காமலே பணத்தை எடுத்துக்கொள்ளும். டீலர் முன்னால் நிற்கும்போதுதான் விஷயம் வெளியே வரும், திருப்பி அனுப்பினால் பல தளங்கள் ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளும். ஊர்க்கடையில் பணம் கைமாறும் முன்பே பேச்சு விசாவுக்கு வந்துவிடும். என்னென்ன அட்டை கொண்டுவர வேண்டும் என்பதையும் அங்கேயே கேட்டுக்கொள்ளலாம்.

நான் செய்வது கலவைதான். பயிற்சிக்கான தோட்டாவைப் பெட்டி பெட்டியாக இணையத்தில் வாங்குகிறேன். பென்சில்வேனியாவில் அது வீட்டுக்கே வரும், கலிபோர்னியாவில் அந்த வசதி இல்லை. வேட்டைத் தோட்டா, துப்பாக்கி, சுத்தம் செய்யும் சாமான், பட்டறை வேலை எல்லாம் ஊர்க்கடையில். வேட்டை உரிமமும் அங்கேதான். 2023இல் பெண் மான் உரிமத்துக்கு இளஞ்சிவப்பு உறையில் தபாலில் விண்ணப்பிக்கும் பழைய முறையை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் கணினிக்கு மாற்றினார்கள். முதல் நாளே இணையத்திலும் கடைகளிலும் நீண்ட வரிசை. கடை வரிசையில் நின்றவர்களுக்குப் பேச்சுத் துணையாவது இருந்தது.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. டேவிட்சன்ஸ் என்ற மொத்த வியாபாரியின் ‘கேலரி ஆஃப் கன்ஸ்’ தளத்தில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுத்து முன்பணம் கட்டினால், நாம் சொல்லும் ஊர் டீலர் வழியாகத்தான் அது விற்கப்படும், லாபத்தில் அவருக்கும் பங்கு. அதற்கும் முன்னால் கடைக்காரரிடமே மாடல் எண்ணைச் சொல்லி, வரவழைத்துத் தர முடியுமா, என்ன விலை என்று கேட்டுவிடுங்கள். இணைய விலைக்குப் பக்கத்தில் வந்து நிற்பவர்கள் நிறையப் பேர். முடியாது என்று அவரே சொன்னால் தாராளமாக இணையத்தில் வாங்குங்கள். வாங்கும் முன் டிரான்ஸ்ஃபர் கூலி எவ்வளவு என்று கேட்டு, அவருடைய லைசென்ஸ் நகல் விற்பவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சொல்லாமல் வந்து இறங்கும் பெட்டியைத் திருப்பி அனுப்பிவிடும் கடைகளும் உண்டு. பெட்டி வந்ததும் படிவத்தில் கையெழுத்திடும் முன் கடைக்காரர் முன்னாலேயே திறந்து பாருங்கள், கீறலோ தவறான மாடலோ இருந்தால் அவரே அங்கிருந்து திருப்பி அனுப்பிவிடுவார்.