கால்வட்டக் குவில்ட்: வளைவை இணைத்துத் தைப்பதா, மேலே வைத்துத் தைப்பதா?

குவில்ட் என்பது துணித் துண்டுகளைச் சேர்த்த மேல்துணி, நடுவில் பஞ்சு, கீழ்த்துணி என அடுக்கி மூன்றையும் சேர்த்துத் தைத்த போர்வை. ‘ட்ரங்கர்ட்ஸ் பாத்’ (குடிகாரனின் பாதை) என்ற வகை குவில்ட்டின் ஒரு கட்டத்தில் இரண்டே துண்டுகள். ஒன்று கால்வட்டம். மற்றொன்று, மூலையில் அதே அளவு கால்வட்டம் வெட்டி எடுத்த சதுரம். இதை எல் துண்டு என்று வைத்துக்கொள்வோம். கட்டங்களைத் திருப்பித் திருப்பி அடுக்கினால் வளைந்து வளைந்து ஒரு பாதை உருவாகும். அமெரிக்காவில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்து தைத்துவரும் இந்த வடிவம் பெரும்பாலும் நீலம்–வெள்ளை அல்லது சிவப்பு–வெள்ளை என இரண்டே நிறத்தில் இருந்தது.

வளைவைத் தைக்க இரண்டு வழிகள். இரு துண்டுகளையும் ஓரத்தோடு ஓரம் இணைத்து மெஷினில் தைக்கலாம். அல்லது முழுச் சதுரத்தின் மேல் கால்வட்டத்தை வைத்து, ஓரத்தை மடித்துத் தைக்கலாம்; இதுதான் அப்ளிக். எது எளிது என்றுதான் பலரும் கேட்கிறார்கள். கையில் இருப்பது என்ன துணி என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர், வாளையார் பக்கம் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். ஒரு பக்கம் கேரளத்தின் நெசவு ஊரான குத்தாம்புள்ளியின் கைத்தறியில் வரும் வெளிர் சந்தன நிறத் துணி, இன்னொரு பக்கம் கோவை, ஈரோட்டிலிருந்து வரும் பளிச்சென்ற பிரிண்ட் காட்டன். இரண்டையும் சேர்த்துத் தைக்கத்தான் கை போகும். ஆனால் வளைவில் இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது.

அளவு

தைத்து முடித்தபின் கட்டம் 4 இன்ச், வளைவின் ஆரம் 3 இன்ச், தையலுக்கு விடுவது கால் இன்ச். கால்வட்டத்துக்கு 3½ இன்ச் சதுரம் வெட்டி, ஒரு மூலையில் இரு ஓரங்களிலிருந்தும் கால் இன்ச் உள்ளே காம்பஸ் முனையை ஊன்றி 3¼ இன்ச் ஆரத்தில் வரையவும். எல் துண்டுக்கு 4¾ இன்ச் சதுரம்; அதேபோல் ஊன்றி 2¾ இன்ச் ஆரத்தில் வரைந்து வெட்டி எடுக்கவும். வளைவைத் தைத்தபின் வெளி ஓரங்களைச் சீவி, சுற்றிலும் கால் இன்ச் தையல் ஓரத்தோடு 4½ ஆக்கிக்கொள்ளலாம். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் அச்சு வெட்டிக்கொண்டால் வரைகோடு நகராது.

இரண்டு துண்டுகளையும் பக்கத்தில் வைத்தால் பொருந்தாதது போலத் தெரியும். கால்வட்டத்தின் வெட்டிய ஓரம் 5.1 இன்ச், எல் துண்டினுடையது 4.3 இன்ச். ஆனால் தையல் விழும் கோடு இரண்டிலும் 4.7 இன்ச்தான். கால் இன்ச் விடும்வரை, ஆரம் எதுவானாலும் இந்த வித்தியாசம் முக்கால் இன்ச்சுக்கு மேல் கொஞ்சம். அதனால்தான் ஒன்றரை இன்ச் ஆரம் என்றால் கை திணறுகிறது: 2.4 இன்ச் தையல் கோட்டில் அதே முக்கால் இன்ச்சைச் சமாளிக்க வேண்டும்.

இணைத்துத் தைத்தல்

இரண்டையும் பாதியாக மடித்து வளைவின் நடுவை நகத்தால் கீறிக்கொள்ளவும். எல் துண்டின் வளைவில் அரை இன்ச்சுக்கு ஒன்றாக, 1/8 இன்ச் ஆழத்துக்குக் கத்தரிக் கீறல் போடவும். அதற்கு மேல் ஆழம் போனால் தையல் கோட்டில் ஓட்டை விழும். நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க, நடுவில் ஒரு குண்டூசி, இரு முனைகளில் ஒவ்வொன்று, இடையில் ஒவ்வொன்று. மெஷினில் கால்வட்டம் கீழே, எல் துண்டு மேலே இருக்கட்டும். துணியை நகர்த்தும் கீழ்ப்பல் அடித்துணியைச் சற்று வேகமாக இழுக்கும் என்பதால் கால்வட்டத்தின் கூடுதல் ஓரம் சுருக்கமில்லாமல் அடங்கும். 11-ஆம் நம்பர் ஊசி, 2 மி.மீ. தையல். துணியை இழுக்கவே கூடாது. வளைவின் நடுப்பகுதி இழைக்குச் சாய்வாக ஓடுவதால் இழுத்தால் நீண்டுவிடும், அப்புறம் எத்தனை தேய்த்தாலும் தட்டையாகாது.

தையல் ஓரத்தை எல் துண்டின் பக்கம் தள்ளித் தேய்க்கவும். கீறல்கள் விரிந்து இடம் கொடுக்கும். கால்வட்டத்தின் பக்கம் தள்ளினால் நீளமான ஓரம் சின்ன இடத்தில் நெருங்கி, மேலே மேடு தட்டும்.

நெருக்கமாக நெய்த பாப்ளின், கேம்பிரிக் இரண்டுக்கும் இதுதான் சரியான வழி. வளைவு கத்தி போல வரும், துவைப்புக்கும் நிற்கும். கைத்தறியில் இதைச் செய்யத் துணிய வேண்டாம். இழைகளுக்கு இடைவெளி அதிகம். கீறல் போட்ட இடத்தில் நூல் பிரியும், நாலு துவைப்பில் தையலிலிருந்து இழை நழுவும்.

அப்ளிக்

கைத்தறிக்கு அப்ளிக் பொருந்துவதற்குக் காரணம், கீழே இருக்கும் சதுரத்தை வெட்டவே வேண்டியதில்லை. இழை நேராகவே கிடக்கிறது. கால்வட்டத்தை மேலே சொன்ன அளவிலேயே வெட்டவும். கல்யாணப் பத்திரிகை போன்ற கனமான அட்டையில் 3 இன்ச் ஆரத்தில் அச்சு. துணியின் வளைவு ஓரத்தில் சின்ன ஓட்டுத் தையல் போட்டு, அட்டையை உள்ளே வைத்து நூலை இழுத்தால் ஓரம் மடிந்து உட்காரும். கஞ்சி தொட்டுத் தேய்த்து, ஆறியபின் அட்டையை உருவவும். 4¾ சதுரத்தின் மூலையோடு மூலை பொருத்தி, துணி நிறத்து நூலில் ஹெம்மிங். ஹெம்மிங் இழுப்பில் சதுரம் கொஞ்சம் சுருங்கும், ஆகவே 4½-க்கு வெட்டுவது கடைசியில்தான்.

இதன் குறை கனம். கால்வட்டம் வரும் இடத்தில் துணி இரண்டு அடுக்கு. கையால் குவில்ட் போட்டால், அதாவது அடுக்குகளைச் சேர்த்துத் தைத்தால், ஊசி முரண்டு பிடிக்கும். பின்புறத் துணியை வெட்டி எடுத்துவிடலாம் என்பார்கள், கைத்தறியில் அதுவும் பிரியும். இன்னொன்று, வெளிர் கால்வட்டத்தை அடர் பிரிண்ட் மேல் வைத்தால் அடிநிறம் தெரியும். அப்படி நிறம் மாற்றி வைக்க ஆசையிருந்தால் வெளிர் நிறத்துக்கும் பாப்ளின் வாங்கி இணைத்துத் தைப்பதே மேல்.

ஒரே குவில்ட்டில் இரண்டு முறையும் வரலாம், அளவு ஒன்றுதான். ஆனால் ஒரு வட்டமாகச் சேரும் நான்கு கட்டங்களும் ஒரே முறையில் இருக்கட்டும்; அப்ளிக்கில் கால்வட்டம் எழும்பி நிற்கும், இணைத்ததில் எல் துண்டு எழும்பும். எந்த முறையானாலும் ஒரு சோதனை: மூலையிலிருந்து வளைவு ஓரத்தைத் தொடும் இடம் 3¼ இன்ச் இருக்க வேண்டும். பிசகினால் பக்கத்துக் கட்டத்தோடு வளைவு சேராது.

துணியும் நிறமும்

64 கட்டம், 32 இன்ச் சதுரம், குழந்தைக்குப் போர்த்தலாம். 44 இன்ச் அகலத் துணியில் பின்னணிக்கு (எல் துண்டு அல்லது அடிச் சதுரம்) ஒன்றேகால் மீட்டர், கால்வட்டத்துக்குப் பிரிண்ட் நான்கு வகையில் கால் மீட்டர் வீதம். பிரிண்ட் நவீனமாக, எத்தனை நிறமாக இருந்தாலும் சரி. எல்லாம் பின்னணியைவிடத் தெளிவாக அடர்ந்திருந்தால்தான் பாதை தெரியும். கடையிலேயே மொபைலில் கறுப்பு–வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். பெரிய பூ 3 இன்ச்சுக்குள் துண்டாகிவிடும். ரேயான், டூ பை டூ ரவிக்கைத் துணி இரண்டும் வழுக்கும். இரண்டு முறைக்கும் வேண்டாம்.

வெட்டும் முன்பே எல்லாத் துணியையும் வெந்நீரில் தனித்தனியாக அலசவும். சிவப்பும் கருநீலமும் சந்தன நிறத்தில் இறங்கினால் மீட்பு கடினம். உப்பு, வினிகரை நம்பாமல், தண்ணீர் தெளியும்வரை அலசி, ஈரத்துணியை வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்க்கவும். கசவுக் கரை (ஜரிகைக் கரை) சேர்ப்பதாக இருந்தால் அதன்மேல் மெல்லிய துணி போட்டே தேய்க்க வேண்டும்.

கஞ்சி போட்ட கட்டங்களை மழைக்காலத்தில் அப்படியே அடுக்கி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சியும் அரிக்கும். தென்மேற்குப் பருவமழைக்கு முன் மேல்துணியை இணைத்து முடித்து, குவில்ட் போட்டு, ஒருமுறை துவைத்து வெயிலில் காயவைத்துவிடுங்கள்.