தங்கச்சி வீடு: டைல்ஸா, அத்திவாரமா?

எங்கள் பக்கத்தில் வீடு கட்டுவது பெண் பிள்ளைக்கு. மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோர ஊர்களிலும், தமிழர், முஸ்லிம்கள் என்ற வித்தியாசமில்லாமல், கலியாணப் பேச்சு தொடங்கினால் முதலில் வருவது ‘வீடு முடிஞ்சுதா?’ என்ற கேள்விதான். அண்ணன், தம்பி உழைப்பதில் பாதி தங்கச்சியின் சுவருக்குள் போய்விடும். நானும் களுவாஞ்சிகுடியில் ஆயிரம் சதுர அடியில் ஒரு வீட்டை எழுப்பிக்கொண்டிருக்கிறேன். கொந்தராத்து பேசி முடித்த அடுத்த நாளே ‘இதோட இன்னும் கொஞ்சம் போட்டா...’ என்ற பேச்சு தொடங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் போட்டால் நல்ல டைல்ஸ். இன்னும் கொஞ்சம் போட்டால் சமையலறைக்குப் பான்றி கபேட். இன்னும் கொஞ்சம் போட்டால் கூரைக்குக் கொங்கிறீட் சிலாப்.

இந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று முதலில் பார்த்தேன். வங்கிக் கடனுக்கு வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், தவணை பத்து வருடம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு இலட்சத்துக்கு மாதம் 1,435 ரூபா கட்ட வேண்டும். பத்து வருடத்தில் அது 1,72,000 ரூபா. ஆக, கடையில் ஒரு இலட்சம் என்று சொல்லும் பொருளின் விலை எனக்கு ஒன்றே முக்கால் இலட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. இந்தக் கணக்கைக் கொப்பியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்த பிறகு, கபேட் படம் காட்ட வருகிறவர்களோடு கதைப்பது சுலபமாக இருந்தது.

மேசன் மாமா வேறு கணக்கு வைத்திருந்தார். ‘மருமகன், மண்ணுக்குள்ள போறத பிறகு மாத்தேலாது. மேல நிக்கிறத எப்பவும் மாத்தலாம்.’ சரிதான். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்தால் அத்திவாரத்தைத் தோண்டியா பார்க்கப்போகிறார்கள்? அவர்கள் பார்ப்பது டைல்ஸை. சண்டை முழுவதும் இந்த இடத்தில்தான்.

டைல்ஸும் ஒரு அடி உயரமும்

ஆயிரம் சதுர அடி வீட்டில் டைல்ஸ் கணக்கு மிகச் சுலபம். சதுர அடிக்கு நூறு ரூபா கூடினால் மொத்தம் ஒரு இலட்சம் கூடும். இரண்டடிக்கு இரண்டடி டைல்ஸ் என்றால் 250, வெட்டுச் சேதத்துக்கு இருபத்தைந்து சேர்த்தால் 275. நடு ரகத்துக்கும், முகம் தெரிகிற பளபளப்பு ரகத்துக்கும் கடையில் கேட்ட வித்தியாசம் சதுர அடிக்கு இருநூறு ரூபா. ஆக இரண்டு இலட்சம்.

அதே நேரத்தில் மேசன் மாமா கேட்டது, வீட்டு நிலத்தை இன்னும் ஒரு அடி உயர்த்த வேண்டும் என்று. ஆயிரம் சதுர அடியை ஒரு அடி நிரப்ப ஆயிரம் கன அடி, அதாவது பத்துக் கியூப் கிறவல். தண்ணீர் விட்டு இடித்து இறுக்கும்போது அமுங்கும் என்பதால் பன்னிரண்டு என்று வையுங்கள். அதோடு சுற்றிவர அத்திவாரக் கட்டும் ஒரு அடி ஏறும், வாசலுக்கு இரண்டு படி கூடும். கூலியும் சேர்த்துப் பார்த்தால், இதுவும் இரண்டு இலட்சத்துக்குக் கிட்டத்தான் வந்து நின்றது.

ஒரே காசு. ஒன்று கண்ணில் படும், மற்றது படாது.

எங்கள் வளவு கடலுக்கும் வாவிக்கும் நடுவே கிடக்கிறது. மார்கழி, தை மாதங்களில் வாவிக்கு மேற்கே படுவான்கரை முழுவதும் பெய்த தண்ணீர் வாவிக்குத்தான் வர வேண்டும். வாவி கடலில் சேரும் முகத்துவாரத்தின் மணல் திட்டை வெட்டும்வரை அது ஏறிக்கொண்டே இருக்கும். 2011 தை வெள்ளத்தில் பக்கத்து ஒழுங்கையில் வந்த தண்ணீரின் கோடு ஒரு சுவரில் இன்னும் பழுப்பாகத் தெரிகிறது. அங்கே தங்கச்சியைக் கூட்டிப்போய் நிறுத்தினேன். கோடு அவளுடைய முழங்காலுக்கு மேலே இருந்தது. ‘சரி, படி ரெண்டு கூடட்டும்’ என்றாள். அம்மாவுக்குத்தான் மனசில்லை.

நடு ரக டைல்ஸுக்கே வந்தோம். அதையும் வரவேற்பறைக்கும் சமையலறைக்கும் மட்டும் இப்போது போடுகிறோம். அறைகளுக்குச் சிவப்புச் சீமெந்து. வெயில் காலத்தில் அதில் வெறும் பாயில் படுத்துப் பார்த்தவர்களுக்கு நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை. பிறகு அந்த நிலத்தின் மேலேயே டைல்ஸ் ஒட்டலாம். ஒரு விசயம் மட்டும் கவனம்: சாந்தும் டைல்ஸும் சேர்ந்து நிலம் ஒரு அங்குலமாவது ஏறும். அதற்கு இடம்விட்டுக் கதவைப் போடாவிட்டால், பிறகு மரவேலை ஓடாவியைக் கூப்பிட்டு எல்லாக் கதவின் அடியையும் சீவ வேண்டி வரும். எங்கள் ஓடாவி இதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். தனக்கு வருகிற வேலையை நான் கெடுக்கிறேனாம்.

கறையான் மருந்து

இதில் ஒப்பிட ஒன்றுமில்லை. நிலத்துக்குக் கொங்கிறீட் போடுவதற்கு முன் மண்ணில் தெளித்தால் ஒரு பகல் வேலை. வீடு முடிந்த பிறகென்றால் நிலத்தைச் சுற்றிவரத் துளையிட்டு ஊற்ற வேண்டும். எங்கள் பழைய வீட்டில் இதை மிச்சம் பிடித்தோம். எட்டாம் வருடம் அறைக் கதவு நிலையை விரலால் தட்டினால் வெற்றுப் பெட்டி மாதிரிச் சத்தம் வந்தது. மேலே வர்ணம் அப்படியே இருந்தது, உள்ளே மரம் இல்லை. ஈரம் சுவரில் ஏறாமல் தடுக்கும் டி.பி.சி.யும் இதே கதைதான். இப்போது போடாவிட்டால் பிறகு போடவே முடியாது என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஓடு, சீட், சிலாப்

கூரை விசயத்தில் மேசன் மாமாவின் சூத்திரம் எடுபடாது. அது கண்ணில் படுகிறதுதான், ஆனால் இலேசில் மாற்ற முடியாதது.

அம்மாவுக்குச் சிலாப்தான் வேண்டும். 1978 நவம்பர் சூறாவளி அடித்த இரவை இந்தக் கரையில் அந்த வயதுக்காரர் யாரும் மறக்கவில்லை. அம்மா அப்போது சிறுமி. தலைக்கு மேல் ஓடு ஒவ்வொன்றாகக் கழன்று போன சத்தத்தை இன்றைக்கும் வாயால் செய்து காட்டுவார். அந்தப் பயத்தின் முன்னால் என் கொப்பிக் கணக்கு செல்லாது.

ஆனாலும் கணக்கைப் பார்ப்போம். ஐந்து அங்குலச் சிலாப் ஆயிரம் சதுர அடிக்கு என்றால் ஏறத்தாழ 420 கன அடி கொங்கிறீட். ஒன்றுக்கு இரண்டு நாலு (சீமெந்து, மணல், சல்லி) கலவையில் சீமெந்து மட்டும் 75 பை வரை வரும். கம்பி, பலகை அடிக்கும் கூலி எல்லாம் வேறு. அந்த 28 தொன் பாரத்தைத் தாங்கத் தூணும் அத்திவாரமும் அதற்கேற்றபடி இருக்க வேண்டும். அப்புறம் சூடு. கச்சான் காற்று வீசும் மாதங்களில் பகல் முழுக்கக் குடித்த வெயிலைச் சிலாப் இரவில்தான் கக்கும். அதைத் தணிக்க ஏ.சி. என்றால், இன்னொரு ‘கொஞ்சம்’.

ஓட்டுக் கூரையில் ஓட்டின் விலையைவிட மரத்தின் விலைதான் பயமுறுத்தும். இறவாரமும் சரிவும் சேர்த்து எங்கள் கூரை 1,500 சதுர அடி. இரண்டாயிரம் ஓட்டுக்குக் குறையாது. அவ்வளவு பாரத்துக்குக் கைமரமும் சிலாகையும் நெருக்கமாகப் போக வேண்டும். அஸ்பெஸ்டஸ் சீட் என்றால் மரம் பாதியாகக் குறையும். ஆனால் அஸ்பெஸ்டஸ் நார் புற்றுநோயைத் தருவது, அதிலே வெள்ளை, நீலம் என்ற பேதமெல்லாம் கிடையாது. வெட்டும்போதும் உடையும்போதும் பறக்கிற தூசிதான் ஆபத்து. உலோகத் தகடு போட்டால் அந்தப் பயம் இல்லை. ஆனால் வாடை மழையில் வீட்டுக்குள் கத்தித்தான் கதைக்க வேண்டும், வெயிலுக்குச் சீலிங்கும் அடிக்க வேண்டும். மரத்தில் மிஞ்சியது அதிலே போய்விடும்.

கடைசியில் வீடு ஓடு, பின்னறையும் குளியலறையும் மட்டும் சிலாப். 150 சதுர அடி, பதினொரு பை சீமெந்து. ஆயிரம் லீற்றர் தண்ணீர்த் தாங்கி அதன்மேல் ஏறும். புயல் என்றால் அம்மா அந்த அறைக்குள் போய் இருப்பார். இளைய தங்கச்சிக்கு மேலே மாடி எடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. அதற்கு இப்போதே அத்திவாரத்தைப் பெருப்பிக்க வேண்டும். பின்வளவில் இருபது பேர்ச் கிடக்கும்போது அது எதற்கு என்று விட்டுவிட்டோம். காணி சுருங்கிய கல்முனைப் பக்கத்தில் என்றால் என் பதில் வேறாக இருந்திருக்கும்.

மற்றதெல்லாம்

சுடுதண்ணீர் இயந்திரம்: சித்திரையில் கூரைத் தாங்கியில் இருந்து வருவதே கை வைக்க முடியாத சூடு. வேண்டாம். பான்றி கபேட்: எப்போதும் செய்யலாம், இப்போது கல் மேடை மட்டும். யன்னல்: தேக்கும் முதிரையும் கேட்கும் விலைக்கு அலுமினியம் போடலாம். ஆனால் இரும்பு கிறில் வேண்டாம், உப்புக் காற்று அதைத் தின்றுவிடும். வயரிங்: இதில் மட்டும் நான் ஊதாரி. ஏ.சி.க்கும், பிறகு கூரையில் சூரியத் தகடு போட்டால் அதற்கும், சுவருக்குள் வெறும் குழாயை இப்போதே பதிக்கச் சொன்னேன். குழாயின் விலை அற்பம். பூச்சு முடிந்த சுவரைப் பிறகு வெட்டிக் கீறுவதுதான் செலவு.

அம்மா இன்னும் ஒன்றில் மட்டும் இறங்கி வரவில்லை. வாசல் கேற். வெட்டுப் பூ வைத்த பெரிய கேற் வேண்டுமாம், ரோட்டில் போகிறவர்கள் பார்க்க. கொப்பியில் ‘கேற்’ என்று எழுதி எதிரே ஒன்றும் போடாமல் விட்டிருக்கிறேன். நேற்றுப் பார்த்தபோது அந்த இடத்தில் அம்மாவின் கையெழுத்தில் ஒரு தொகை இருந்தது.