பதிலி ஆசிரியரின் பெட்டி: நான் செய்த கற்பித்தல் துணைப் பொருட்களில் (டி.எல்.எம்.) எவை நிலைத்தன?

விடுப்பில் போன ஆசிரியரின் இடத்தில் போய் நிற்பவருக்குப் பாடத்தைவிடப் பெரிய சிக்கல், வகுப்பு எங்கே நிற்கிறது என்று தெரியாததுதான். ஆறாம் வகுப்புக்கு முப்பருவ முறை. பருவத்தின் நடுவில் போனால் பாதிப் பாடம் முடிந்திருக்கும், யாருக்கு எவ்வளவு புரிந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. அதனால் நான் செய்யும் பொருள் எதுவானாலும் இரண்டு கேள்வி கேட்டுக்கொள்வேன். போன முதல் பீரியடிலேயே இதை எடுத்து விரிக்க முடியுமா? நான் கிளம்பிய பிறகு, என்னைக் கேட்காமலே இன்னொருவர் பயன்படுத்த முடியுமா? தற்காலிகக் கணித ஆசிரியராகச் சில வருடம் பல பள்ளிகளில் பார்த்ததை வைத்து எழுதுகிறேன்.

முதலிடம் பின்னப் பட்டைகளுக்கு, அதாவது ஒரு முழுமையையும் அதன் பங்குகளையும் நீளத்தால் காட்டும் அட்டைத் துண்டுகளுக்கு. முழுப் பட்டையின் நீளம் 24 செ.மீ. அந்த அளவுக்குக் காரணம் உண்டு: 2, 3, 4, 6, 8, 12 எல்லாவற்றாலும் மீதியில்லாமல் வகுபடும், ஏ4 தாளின் நீளவாக்கிலும் அடங்கிவிடும். 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டச் சொன்னால் வகுப்பில் பலர் மேலே மேலே, கீழே கீழே கூட்டி 2/5 என்பார்கள். மீச்சிறு பொது மடங்கை நான் உடனே எடுப்பதில்லை. அரைப் பட்டை 12 செ.மீ., பக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு 8 செ.மீ. அதன் அடியில் ஐந்தில் ஒன்று பட்டைகள் இரண்டை வைத்தால் 9.6 செ.மீ. "மிஸ், அரையோட இன்னொண்ணு சேர்த்தா அரையவிடக் கம்மியாவா வரும்?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிடும். அந்தக் கேள்விக்காகத்தான் அந்தப் பட்டைகளே. அப்புறம் எதை அடுக்கினால் சரியாக உட்காரும் என்று அவர்களே தேடுவார்கள். 1/6 பட்டைகள் ஐந்து, 20 செ.மீ., ஒரு நூலும் மிஞ்சாது. பொதுப் பகுதி எதற்கு என்று நான் தனியாக விளக்க வேண்டியிருக்காது.

பொருள் உழைப்பதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் காசு போவது இங்கேதான். சார்ட் பேப்பரில் வெட்டியவை பிள்ளைகள் கையில் ஒரு பருவம்கூடத் தாங்காது. கெட்டி அட்டையில் ஒட்டி லேமினேட் செய்தவை பல பள்ளி மாறியும் நன்றாக இருக்கின்றன. பெரிய தாளை அப்படியே லேமினேட் செய்துவிட்டுப் பிறகு வெட்டினால் ஓரம் திறந்துகொள்ளும், ஈரம் ஏறி இரண்டு படலமும் பிரிந்துவிடும். முதலில் துண்டுகளை வெட்டி, இடைவெளி விட்டு உறையில் அடுக்கி லேமினேட் செய்யுங்கள். பிறகு சுற்றிலும் ஓரம் விட்டு வெட்டுங்கள். முனைகளை வட்டமாக நறுக்கிவிட்டால் கையில் குத்தாது. 80 மைக்ரான் உறையைவிட 125 மைக்ரான் விறைப்பாக நிற்கிறது. பளபளப்பு உறை கடைசி பெஞ்சுக்கு டியூப் லைட்டைத்தான் காட்டும், பலகையில் மாட்டுவதற்கு மேட் உறைதான் சரி. கையில் கொடுக்கும் தாளுக்குப் பளபளப்பு உறையே போதும்; அதில் ஒயிட்போர்டு மார்க்கரில் எழுதி அழிக்கலாம் என்பதால், ஒரே பயிற்சித்தாள் அடுத்தடுத்த பிரிவுகளுக்கும் உதவுகிறது.

செலவை நினைக்காமல் இருக்க முடியாது. 2022-இல் அரசுப் பள்ளிகளில் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர்களை நியமித்தபோது, பட்டதாரி ஆசிரியருக்கு மாதம் 10,000 ரூபாய் தொகுப்பூதியம். அந்தச் சம்பளத்தில் கலர் பிரிண்ட் பெரிய செலவு. அதனால் எல்லாவற்றையும் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் எடுத்தாலும் புரியும்படியே வரைகிறேன். நிறத்துக்குப் பதில் கோடு, புள்ளி, கட்டம்.

பயிற்சித்தாள் தட்டச்சு செய்பவர்கள் யூனிகோடிலேயே செய்யுங்கள். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் அடித்த கேள்வித்தாள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் கிறுக்கலாகத் திறக்கும். ஒருவர் ராத்திரி உட்கார்ந்து செய்த உழைப்பு, அடுத்தவருக்குப் பயன்படாமல் போவதைப் பார்க்கக் கஷ்டமாக இருக்கிறது. ஜெராக்ஸ் கடைக்குப் பிடிஎஃப், அடுத்த ஆசிரியருக்குத் திருத்தக்கூடிய மூலக்கோப்பு என இரண்டையும் கொடுத்துவிடுகிறேன்.

டிஜிட்டல் பக்கம் எனக்குப் பாதித் திருப்திதான். கணிதப் பாடநூலில் உள்ள கியூஆர் கோடும், ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருள் சார்ந்த இணையச் செயல்பாடுகளும் நல்லவை. ஆனால் வகுப்பில் நெட் வேண்டும், புதிதாக வந்தவருக்கு ப்ரொஜெக்டர் அறைச் சாவி யாரிடம் என்பதே தெரியாது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் (PhET) என்ற அறிவியல், கணிதச் செயல்விளக்கச் செயலிகளில் பலவற்றை முன்கூட்டியே பதிவிறக்கி நெட் இல்லாமல் ஓட்டலாம், அதனால் 'பின்னங்கள் அறிமுகம்' என் பென் டிரைவில் எப்போதும் இருக்கும். அதையும் பட்டைகளைத் தொட்டுப் பார்த்த பிறகே காட்டுவேன்.

கிளம்பும்போது பெட்டியில் ஒரு செட்டை விட்டுவிட்டு வருவேன். மூடியின் உள்பக்கம் அரைப் பக்கக் குறிப்பு ஒட்டியிருக்கும்: எந்த வகுப்பு, எந்தப் பாடம், எத்தனை துண்டுகள், எந்தக் கணக்கில் பிள்ளைகள் தடுமாறினார்கள், எந்தப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறேன். நிரந்தர ஆசிரியர் திரும்பி வரும்போது அவர் முதலில் தேடுவது கடைசி இரண்டு விவரங்களைத்தான்.

இப்போது எட்டாம் வகுப்பு இயற்கணிதத்துக்குச் சதுர, செவ்வகத் துண்டுகள் வெட்டிக்கொண்டிருக்கிறேன். −x போன்ற குறை உறுப்புகளுக்குச் சிவப்பு அட்டை எளிது, ஆனால் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸில் அந்த நிறம் நிற்காது. குறுக்குக் கோடு போட்டால் துண்டைத் திருப்பி வைத்ததும் கோட்டின் திசை மாறிப் பிள்ளைகள் குழம்புகிறார்கள். இதற்கு நல்ல வழி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், அடுத்த செட்டில் செய்து பார்க்கிறேன்.