34 மூன்றுகள்: ஜி.டி.பி.யுடன் (GDB) ஏழு ஆண்டுகள்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டும் மாடியின் ஈரப்பதத்தைக் கணக்கிடும், 'சி' மொழியில் எழுதிய நிரலைப் பார்த்துக்கொள்கிறேன். மாடியில் 64 பிட் லினக்ஸ் ஓடும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினி. கீழே அலுவலக அறையில் என் மடிக்கணினி. ஆடி மாதச் சாரலில் அந்த இரும்பு ஏணியில் ஏறி இறங்க முடியாது என்பதாலேயே, 2018 முதல் ஜி.டி.பி. (GDB) என்ற பிழைதேடும் கருவி வழியாக எல்லாவற்றையும் கீழிருந்தே பார்க்கிறேன்.

சிக்கல் 'லாங் டபுள்' எனப்படும், கூடுதல் துல்லியமுள்ள தசம எண்களில். மடிக்கணினியின் இன்டெல் சிப் அவற்றை 80 பிட்டில் வைத்துக்கொள்கிறது. துல்லியத்துக்கு 64 பிட்தான். ராஸ்பெர்ரி பையில் அது 128 பிட், துல்லியத்துக்கு 113. கீழே உட்கார்ந்து மாடியின் கணக்கைப் போட்டால் யார் வழக்கப்படி போடுவது? 2018-இல் வந்த ஜி.டி.பி. 8.1, எம்.பி.எஃப்.ஆர். (MPFR) என்ற துல்லியக் கணக்கு நிரல் நூலகம் இருந்தால் இலக்குக் கணினியின், அதாவது மாடியில் இருப்பதன், வழக்கப்படி கணக்கிடும். இல்லாவிட்டால் சத்தமில்லாமல் உள்ளூர்க் கணக்குக்கு இறங்கிவிடும். ஒன்றை மூன்றால் வகுக்கச் சொன்னால், நூலகம் இருக்கும்போது புள்ளிக்குப் பின் 34 மூன்றுகளும் பிறகு 17-உம் வரும். இல்லாதபோது 19 மூன்றுகளோடு நின்று 42 என்று தொடங்கிவிடும். எச்சரிக்கை ஒரு வரிகூட இருக்காது.

அதனால், ஜி.டி.பி. சரியாக வகுக்கிறதா என்று பார்க்கும் என் சோதனைக் கோப்பில் இரண்டு பாதைகள் வைத்திருந்தேன். நூலகம் இருந்தால் 34 மூன்றுகளையும் எண்ணிப் பார், இல்லாவிட்டால் '0.333' என்று தொடங்கினாலே போதும். அப்போது இது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

2021-இல் ஜி.டி.பி. 11, ஜி.எம்.பி. (GMP) என்ற பெரிய எண்களுக்கான இன்னொரு நூலகத்தைக் கட்டாயமாக்கியது. பின்னர் எம்.பி.எஃப்.ஆரும் கட்டாயமானது. அதற்குப் பிறகு இரண்டாம் பாதைக்கு வேலையே இல்லை. என்னோடு வேலை செய்யும் தம்பி அதை அழித்துவிட்டுச் சோதனையை ஓட்டினான்.

"அண்ணா, தோற்றுவிட்டது. 16 மூன்று, அப்புறம் ஒரு 1."

16 மூன்றும் ஒரு 1-உம் சாதாரண 'டபுள்' எண்ணின் கையெழுத்து. 'லாங் டபுள்' என்று காட்ட 1.0-க்குப் பின்னால் இருக்க வேண்டிய 'எல்' எழுத்தை நான்தான் விட்டிருந்தேன். சரி, இத்தனை நாள் ஏன் பிடிபடவில்லை? நூலகம் இருக்கிறதா என்று பார்க்கும் வரியில் ஒரு சிறுகோடு (-) குறைந்திருந்தது. எந்தக் கணினியில் ஓட்டினாலும் 'இல்லை' என்றே பதில் வந்து, எல்லாச் சோதனையும் தளர்ந்த பாதையில் தேறிக்கொண்டிருந்தது. கண்டிப்பான பாதை ஒருநாள்கூட ஓடவில்லை! தம்பி சிரிக்கவில்லை, தேநீர் வாங்கி வருகிறேன் என்று வெளியே போய்விட்டான்.

குறை சொல்லவும் இருக்கிறது. ஜி.டி.பி.யை மூலநிரலிலிருந்து நானே தொகுப்பவன் நான். மழையில் இணையம் அறுந்த நாளில், எம்.பி.எஃப்.ஆர். நூலகத்தின் மேம்பாட்டுப் பொதி (தொகுக்கத் தேவையான கோப்புகள்) இல்லாத புதுக் கணினியில் தொகுப்பு தொடங்கும்போதே நின்றுவிட்டது. அன்று முழுக்க வீண். ஆனாலும் பழைய ஏற்பாட்டில் அது தொகுந்திருக்கும், 42 காட்டியிருக்கும், நானும் நம்பியிருப்பேன்.

இப்போது அந்தப் பொதியை ஒரு பென்டிரைவில் போட்டு மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். 41 வரி இருந்த சோதனைக் கோப்பு 12 வரியாகிவிட்டது. 'எல்' எழுத்தைத் தம்பிதான் போட்டான்.