ரூ.14,500 போனது, இந்த வருஷ மாங்காயும் போனது

சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கிறோம். வீட்டுக்குப் பின்னால் மாமனார் வைத்த மல்கோவா மரம். பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்யும்போது தோட்டத்தையும் சரி செய்துவிடலாம் என்று, வேலைக்கு ஆள் அனுப்பும் ஒரு செல்போன் செயலியில் பதிவு செய்தேன். மாமரம் கவாத்து (வேண்டாத கொப்பை வெட்டி ஒழுங்குபடுத்துவது), குண்டுமல்லிச் செடிகள், மண்ணுக்கு நன்றாக மக்கிய தொழு உரம் என்று எல்லாம் சேர்த்து 14,500 ரூபாய். முழுப் பணத்தையும் முன்னாலேயே வாங்கிக்கொண்டார்கள்.

வந்தவர் நேராக மரத்தடியில் குந்தினார். மண்ணை அள்ளி மோந்து பார்த்தார். "எங்க ஊட்லயும் இப்படி ஒரு மரம் இருந்துச்சுங்கம்மா, அப்பாரு வெச்சது" என்றார். அந்த ஒரு பேச்சில்தான் விழுந்தேன். எனக்கு மாமனார் ஞாபகம் வந்துவிட்டது. காபி போட்டுக் கொடுத்துவிட்டு, இனி அவர் பார்த்துக்கொள்வார் என்று சமையல் வேலைக்குப் போய்விட்டேன்.

திரும்பி வந்தால் நுனிக் கொப்பெல்லாம் தரையில் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கிறேன், நுனிக்கு நுனி பூமொட்டு! மாமரம் முற்றிய கொப்பின் நுனியில்தான் பூக்கும். பூக்கிற காலமே மார்கழி, தைதான். கவாத்து என்பது காய் பறித்து முடித்த கையோடு ஆடி, ஆவணியில் செய்வது. மரம் வெட்ட வந்தவருக்கு இதுகூடவா தெரியாது? அதோடு விட்டாரா, மக்காத பச்சைச் சாணத்தை அடிமரத்தோடு ஒட்டிக் குவித்து, தண்ணீரையும் நிறையப் பாய்ச்சியிருக்கிறார். பில்லில் தொழு உரம் என்று போட்டது இந்தச் சாணத்தைத்தான்.

அன்றைக்கே போன் செய்தேன். "சூப்பர்வைசர் வருவாருங்க" என்றார்கள். நான்கு நாள் யாரும் வரவில்லை. அப்புறம் வேறொரு பெண், "செடி, மரத்துக்கெல்லாம் கியாரண்டி இல்லைங்க மேடம்" என்றார். நேற்று, புகார் முடித்துவைக்கப்பட்டது என்று மெசேஜ் மட்டும் வந்தது. 14,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை.

இதே போல ஆள் கூப்பிட நினைப்பவர்களுக்கு விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், மனசு ஆறவில்லை. பணத்தை முன்னாலேயே கொடுக்காதீர்கள். பூக்கிற நேரத்தில் மாமரத்தில் கத்தி வைக்க விடாதீர்கள். குண்டுமல்லியை நவம்பர் கடைசியிலேயே கவாத்து செய்துவிடுங்கள். உரத்தைக் கையில் எடுத்துப் பாருங்கள்: சாண வாடை அடித்தால் திருப்பி அனுப்புங்கள். ஆள் வேலை செய்யும்போது பக்கத்திலேயே நில்லுங்கள்.

அடிமரத்தில் அந்தச் சாணம் இன்னும் பாதி இருக்கிறது. வெயில் ஏறுவதற்குள் விலக்க வேண்டும்.